முழங்கை அழித்த வரிகள்: நாமகிரி, இருபத்துநான்கு, இருபத்தாறு பரிமாணம்

1

நாமக்கல்லில் ராமானுஜனைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் கிடைக்கும். கோயில் பக்கம் கேட்டால், "அதெல்லாம் தாயாரு குடுத்ததுங்க, படிச்சு வர்றதில்லீங்க" என்பார்கள். கொஞ்சம் விஞ்ஞானப் புத்தகம் புரட்டியவரைக் கேட்டால், "ஸ்ட்ரிங் தியரி, இருபத்தாறு பரிமாணம்னு வெள்ளைக்காரன் இப்பச் சொல்றதை நம்மாளு அன்னைக்கே எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு" என்பார். முதல் பதில் பக்தி, இரண்டாவது பெருமிதம். நாம் வழக்கமாக முதலாவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டாவதைக் கூட்டத்தில் பேசவும் எழுதவும் எடுத்துக்கொள்கிறோம்.

என் வாதம் இரண்டும் ஒரே சொல்லாடலின் இரு முகங்கள் என்பதுதான். இரண்டிலும் விடை மட்டும் இருக்கிறது, வழி இல்லை. வழி இல்லாத இடத்தில் தெய்வம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தெய்வம் பிடிக்காதவர்களுக்கு 'மேதைமை' என்றொரு சொல் இருக்கிறது. இரண்டுமே ஒரு மனிதன் செய்த வேலையை மறைக்கின்றன. அந்த வேலையைச் செய்ய யாருக்கு அவகாசம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வியையும் சேர்த்து மறைக்கின்றன.

2

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 22.12.1887 அன்று, தாயின் பிறந்த வீட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில். நாமக்கல் அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் தெய்வம் இருந்த ஊர். கோட்டைப் பாறையின் மேற்கே நரசிம்மர் குடைவரை. அந்தக் கோயிலின் தாயார்தான் நாமகிரி. பாறையின் கிழக்கே ரங்கநாதர் குடைவரை. அதற்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்ற பெயரைக் கல்வெட்டு தருகிறது. அதியர் குல அரசன் பெயர் பாறையில் நிற்கிறது. உளி பிடித்த கைகளின் பெயர் நம்மிடம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

நாமகிரி கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டினாள் என்று ராமானுஜனே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் கடல் கடந்து போவதற்குத் தாயின் சம்மதமும் தெய்வத்தின் பெயரால்தான் கிடைத்தது என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவர் பொய் சொன்னார் என்று நான் வாதிடவில்லை. ஒருவர் தன் சிந்தனை பிறக்கும் கணத்தை எந்த மொழியில் விவரித்துக்கொள்கிறார் என்பது அவர் வளர்ந்த வீடு தருவது. கேள்வி வேறு. அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது?

நடந்தது சிலேட்டு. காகிதம் விலை அதிகம், வாங்கிக் கட்டுப்படியாகாது. திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். முடிவு வந்தால் அதை மட்டும் நோட்டில் எழுதுவார். துணியைத் தேடி எடுத்துத் துடைக்க நேரமில்லை என்பதால் முழங்கை. அந்த முழங்கை கறுத்துத் தடித்துப் போயிருந்தது என்பார்கள். அவர் கையில் சிறுவயதில் கிடைத்த முக்கியமான புத்தகமும் அப்படிப்பட்டதே. கார் என்ற ஆங்கிலேயர் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகத் தொகுத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களின் வரிசை. நிரூபணம் என்று பார்த்தால் ஒரு குறிப்பு, ஒரு வரி, அவ்வளவுதான்.

ஆக, சூத்திரங்கள் 'எங்கிருந்தோ' வந்ததுபோல் தெரிவதற்குக் காகிதத்தின் விலையும் ஒரு காரணம். நோட்டுப்புத்தகம் என்ற பிரதியில் இருக்கும் மௌனத்தை நாம் தெய்வீக மௌனம் என்று வாசித்துவிட்டோம். சென்னைத் துறைமுகக் கழகத்தில் அவருக்கு மேலிருந்த நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். இருவரும் ராத்திரிகளில் சிலேட்டு வைத்துக்கொண்டு உட்காருவார்களாம். இரண்டு படியில் முடிக்காதே, பத்துப் படியாக எழுது, எனக்கே புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த குரல் அதுதான். படி கேட்கும் குரல்.

3

இனி எண்களுக்கு வருவோம். இலக்கியப் பத்திரிகையில் கணக்கா என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் போதும்.

நாமக்கல் ஆதலால் முட்டையிலேயே சொல்கிறேன். நான்கு முட்டைகளைக் குவியல்களாக எத்தனை விதமாக வைக்கலாம்? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனியாக. மொத்தம் 5. பத்து முட்டைக்கு 42. நூறு முட்டைக்கு 19,05,69,292. இதைப் பிரிவினை எண் என்பார்கள். 1918இல் ஹார்டியும் ராமானுஜனும் இந்த எண்ணுக்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். அது சரியா என்று பார்க்க மக்மேகன் என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி 200 வரை கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டார். 200க்கு விடை 39,72,99,90,29,388 என்று பதின்மூன்று இலக்கம். சூத்திரம் தந்த விடைக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றில் நூறு பாகத்துக்கும் குறைவு.

அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ராமானுஜன் கண்ணில் ஒன்று பட்டது. 4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490. நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எண் எதுவானாலும் அதன் பிரிவினை எண் ஐந்தால் வகுபடும். கண்டது கண்ணுதான். ஆனால் காண்பதற்கு ஒரு அட்டவணை தேவைப்பட்டது. அதை இன்னொருவர் உட்கார்ந்து கூட்டிக் கூட்டிப் போட வேண்டியிருந்தது. நிரூபணத்தையும் ராமானுஜன் எழுதினார், 1919இல் வெளிவந்தது. கனவில் வந்திருந்தாலும் நிரூபணத்தை விழித்துத்தான் எழுத வேண்டும்.

இன்னொரு எண்வரிசை அவருடைய 1916ஆம் ஆண்டுக் கட்டுரையில் வருவது. (1-க), (1-க வர்க்கம்), (1-க கனம்) என்று முடிவில்லாமல் பெருக்கிக்கொண்டே போய், அந்தப் பெருக்குத்தொகையை 24 தடவை தன்னோடு தானே பெருக்கினால் வரும் எண்கள்: 1, -24, 252, -1472, 4830, -6048. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கிப் பாருங்கள். 24ஐ 252ஆல் பெருக்கினால் 6048. ஆறாவது எண் வந்துவிடுகிறது, குறியும் சரி. இரண்டும் மூன்றும் ஆறு அல்லவா, அதே உறவு. இது தற்செயலா, எப்போதும் நடக்குமா? எப்போதும் நடக்கும் என்று 1917இல் மோர்டெல் நிரூபித்தார். இவ்வெண்கள் எவ்வளவு வேகமாக வளரும் என்பது பற்றி ராமானுஜன் சொன்ன ஊகத்தை நிரூபிக்க 1974 வரை, டெலீன் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் 24? அந்த முடிவிலாப் பெருக்குத்தொகையை அதன் முழுச் சமச்சீரோடு எழுதினால் முன்னால் ஒரு 1/24 வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பின்னம் போய் முழு எண் ஆக வேண்டுமென்றால் 24 தடவை பெருக்கியாக வேண்டும். இது ராமானுஜனுக்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் கணிதவியலாளர்களுக்குத் தெரிந்த செய்தி. இருபத்துநான்கைக் கண்டுபிடித்தது அவரல்ல. அதற்குள் போய் யாரும் பார்க்காததைப் பார்த்தவர் அவர்.

4

இழைக் கோட்பாடு இந்த 24ஐ எங்கே சந்தித்தது?

1968இல் வெனிசியானோ ஒரு சூத்திரத்தைக் கண்டார். அணுக்கருத் துகள்கள் மோதிச் சிதறுவதை அது விவரித்தது. சூத்திரம் எதைப் பற்றியது என்று அவருக்கே அப்போது தெரியாது. 1970ஐ ஒட்டி நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் ஆகியோர் தனித்தனியே சொன்னார்கள்: புள்ளித் துகளுக்குப் பதில் அதிரும் இழை ஒன்றை வைத்துக்கொண்டால் இந்தச் சூத்திரம் வருகிறது. 1971இல் லவ்லேஸ், இந்த இழை முரண்பாடில்லாமல் அதிர வேண்டுமானால் உலகுக்கு 26 பரிமாணம் வேண்டும் என்று கண்டார். காலம் ஒன்று, இடம் இருபத்தைந்து.

காரணத்தை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். வீணைக் கம்பியைப் போல இழை ஒன்று, இரண்டு, மூன்று என்ற அதிர்வெண்களில் அதிரும். குவாண்டம் விதிப்படி, சும்மா இருக்கும்போதும் ஒவ்வோர் அதிர்விலும் பாதி அலகு ஆற்றல் மிச்சமிருக்கும். அப்படியானால் ஒரு திசைக்கு மிச்ச ஆற்றல் 1+2+3+4+... என்பதில் பாதி. இந்தக் கூட்டுத்தொகை முடிவிலிக்குப் போகிறது. ஆனால் முடிவிலியை முறைப்படி பிரித்தெடுத்துவிட்டால் நிற்கும் எண் -1/12. ராமானுஜன் 1913இல் ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் இதே எண் இருக்கிறது. இதைச் சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியைக் காட்டுவீர்கள் என்று அவரே கூடவே எழுதினார். ஆய்லரும் ரீமானும் வேறு வழிகளில் முன்பே தொட்ட எண் அது. கடையில் கூட்டும் கூட்டல் இதில்லை. முடிவிலித் தொடருக்கு ஒரு மதிப்பைப் பொருத்தும் முறை.

பாதி என்றால் -1/24. இழை நீளும் திசை, காலம் இரண்டையும் கழித்தால் மீதமுள்ள ஒவ்வொரு குறுக்குத் திசையும் ஒரு -1/24 தரும். இழையின் முதல் அதிர்வு நிலை நிறையில்லாததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்பியல் உடையும். அதற்கு இந்த -1/24கள் சேர்ந்து -1 ஆக வேண்டும். ஆகவே குறுக்குத் திசைகள் 24. கழித்த இரண்டைச் சேர்த்தால் 26. அந்த 24 திசைகளில் இழை எத்தனை விதமாக அதிரலாம் என்று எண்ணினால் 1, 24, 324, 3200 என்று வரும். இருபத்துநான்கு நிறத்தில் முட்டை இருந்தால் குவியல் போடும் கணக்குத்தான். ராமானுஜனின் 1916 பெருக்குத்தொகையைத் தலைகீழாக்கினால் கிடைப்பதும் அதுவே.

ஆக உறவு உண்மையானது. அது எங்கே இருக்கிறது என்றும் விரல் வைத்துக் காட்ட முடிகிறது: ஒரே பின்னம், ஒரே பெருக்குத்தொகை. தீர்க்கதரிசனம் இதில் எங்கும் இல்லை. 1916இல் அந்த மனிதர் இழையைப் பற்றியோ பரிமாணத்தைப் பற்றியோ யோசிக்கவில்லை. மிச்சியோ காக்கு 1994இல் எழுதிய 'ஹைப்பர்ஸ்பேஸ்' நூலில் இந்த 24ஐ ஒரு மாயத்தன்மையோடு சொன்னார். நம்மூர்ப் பேச்சுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த மாயம்தான், கணக்கு வரவில்லை.

எண் ஒத்துப்போனதெல்லாம் அர்த்தமுள்ளதாகிவிடாது. 1984இல் கிரீனும் ஷ்வார்சும் பத்துப் பரிமாண மீஇழைக் கோட்பாட்டை முரண்பாட்டிலிருந்து காப்பாற்றியபோது 496 என்ற எண் வந்தது. 496 ஒரு முழுமை எண்: தன்னை விடுத்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும். மெய்சிலிர்க்க வேண்டாம். 32ஐ 31ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 496. இரட்டை முழுமை எண்கள் எல்லாமே இந்த வடிவில்தான் இருக்கும். 24க்குப் பின்னால் ஒரு வழி இருக்கிறது. 496 முழுமை எண்ணாக இருப்பதால் கோட்பாட்டில் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்கப் பழகாதவர்களைத்தான் எண்சோதிடக்காரன் பிடித்துக்கொள்கிறான்.

5

கூடுதல் பரிமாணங்கள் எங்கே போயின? சுருண்டிருக்கின்றன என்பது பதில். சேலத்துத் தறியில் ஓடும் பாவு நூலைத் தெருவிலிருந்து பார்த்தால் கோடு; கோட்டுக்கு நீளம் மட்டும்தான். நூல்மேல் ஊரும் சிற்றுயிருக்குச் சுற்றளவும் உண்டு. அப்படி ஆறு பரிமாணங்கள் மிகச் சிறிதாகச் சுருண்டிருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். ஜெனீவா அருகே 2008இல் இயங்கத் தொடங்கிய பெரிய மோதல் இயந்திரம் கூடுதல் பரிமாணத்துக்கான தடயம் எதையும் இதுவரை காட்டவில்லை.

இங்கு ஒரு சங்கடமான ஒப்புமை வருகிறது. ராமானுஜனின் நோட்டில் சூத்திரத்துக்கும் நிரூபணத்துக்கும் இடையில் பள்ளம். இழைக் கோட்பாட்டில் சூத்திரத்துக்கும் உலகத்துக்கும் இடையில் பள்ளம். முதல் பள்ளத்தில் நாம் நாமகிரியை வைத்தோம். இரண்டாவதில் மேலை அறிவியலின் பெருங்கதையாடல் 'அழகு' என்பதை வைத்திருக்கிறது. இவ்வளவு அழகான கணிதம் பொய்யாக இருக்குமா என்கிறார்கள். இதுவும் ஒருவகையில் தாயார் கொடுத்ததுதான்.

முதல் பள்ளத்தை நிரப்பியது ஆட்களின் உழைப்பு. புரூஸ் பெர்ன்ட் 1977 வாக்கில் நோட்டுப்புத்தகங்களில் இறங்கினார், ஐந்து தொகுதிகள், 1998 வரை. ராமானுஜன் சாவதற்கு மூன்று மாதம் முன், 1920 ஜனவரியில், ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் 'போலித் தீட்டாச் சார்புகள்' என்று பதினேழு எடுத்துக்காட்டுகள் தந்தார். அதே காலத்துத் தாள்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் பெட்டிக்குள் கிடந்து, 1976இல் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. அவை உண்மையில் என்ன என்பதை 2002இல் ஸ்வேகர்ஸ் என்ற டச்சு ஆய்வு மாணவர் தன் ஆய்வேட்டில் விளக்கினார். 2012இல் அதீஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, ட்சாகியர் மூவரும் இழைக் கோட்பாட்டுக் கருந்துளைகளின் நிலைகளை எண்ணுவதற்கு இதே சார்புகளைப் பயன்படுத்தினார்கள். 1987இல் நூற்றாண்டுக் கூட்டத்தில், இப்படி ஒருநாள் வரக்கூடும் என்று தன் கனவாகச் சொன்னவர் ஃப்ரீமன் டைசன். கனவு நிறைவேற இருபத்தைந்து வருடமும் பலருடைய வேலையும் ஆயின.

இந்தக் கணக்கில் சேராத இன்னொரு பெயர் ஜானகி. சேத்துப்பட்டில் கணவர் படுக்கையில் கிடந்து கணக்குப் போட்ட மாதங்களில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவர், தாள்களைக் கவனித்தவர். 26.04.1920 அன்று கணவர் இறந்தபின் சிறு பென்சனோடு, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். 1994 வரை இருந்தார். பாறைக் கல்வெட்டில் உளிக்காரன் இல்லாததைப் போலவே கருந்துளைக் கட்டுரைகளில் அவர் இல்லை.

6

கடைசியாக நமக்கு நேரடியாகப்படும் இடம். ராமானுஜன் பார்ப்பனர். தோழர்களில் சிலர் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். மறுபக்கம், ஏழைப் பையன், பரீட்சையில் தோற்றவன், ஆனாலும் ஜெயித்தான் என்ற கதை. இரண்டும் பாதிதான்.

வறுமை இருந்தது. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனது, பச்சையப்பனிலும் எஃப்.ஏ. தேறவில்லை, 1907இல் தனியாக எழுதியும் தோல்வி. ஆனால் அடுத்து வந்த கதவுகளைப் பாருங்கள். 1910இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியர் ராமசாமி ஐயர், நெல்லூரில் ஆட்சியர் ராமச்சந்திர ராவ், சென்னையில் பேராசிரியர் சேஷு ஐயர், துறைமுகத்தில் நாராயண ஐயர். மாதம் 25 ரூபாய் கைப்பணம், பிறகு 1912 மார்ச்சில் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை, 1913இல் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய். நல்ல மனிதர்கள், சரியானதைச் செய்தார்கள். ஆனால் எஃப்.ஏ.வில் தோற்ற ஒரு சேலத்து நெசவாளி மகனோ, திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையாள் மகனோ நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்சியர் வீட்டுப் படியேறியிருக்க முடியுமா? அவன் கையில் நோட்டு வருவதற்கே வழியில்லை. திறமையின் கதை என்று நாம் படிப்பதில் சாதியின் வலைப்பின்னல் ஓசையில்லாமல் வேலை செய்கிறது. 'தெய்வம் கொடுத்தது' என்றால் அந்த வலை கண்ணுக்கே தெரியாது. தெய்வம் அவ்வளவு வசதியானது.

இதே சமவெளியில் கணக்கு புழங்காமல் இல்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவர்கள் ஒன்றை முந்நூற்றிருபதாகப் பங்கிட்டு ஒரு பங்கை முந்திரி என்றார்கள். எண்பதில் ஒரு பங்கு காணி, இருபதில் ஒன்று மா. நிலத்தை, நெல்லை, கூலியைப் பங்கு போட்ட எண்கள் இவை. அளந்த கையும் கணக்கெழுதிய கையும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை.

இன்றைக்கு வருவோம். 2000க்குப் பிறகு நாமக்கல் என்றாலே முட்டை, லாரி, மார்க்கு என்று ஆனது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதிகளில் விட்டார்கள். 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. 2017இல் அரசு முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. அந்தப் பள்ளிகள் ஒன்றிலிருந்து வந்த பையனிடம் நான் ஒருமுறை -24ஐயும் 252ஐயும் பெருக்கச் சொன்னேன். நொடியில் சொன்னான். அந்த வரிசையில் ஆறாவது எண்ணும் அதுவே, ஏன் என்று யோசிக்கலாமா என்றேன். "இது எந்த யூனிட்டுங்க சார்?" என்றான். குற்றம் அவனுடையதில்லை. விடையை மட்டும் கேட்கும் ஊரில் வளர்ந்தவன். அங்கும் வழி அழிக்கப்படுகிறது, முழங்கையே படாமல்.

2012 முதல் டிசம்பர் 22 தேசியக் கணித நாள். அன்று பள்ளிகளில் படம் வைத்து மாலை போட்டு, தெய்வமேதை என்று இரண்டு பேர் பேசுவார்கள். நாம் அங்கே போய்ச் சண்டை போட வேண்டியதில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான். 1907க்கும் 1912க்கும் நடுவில் வேலையில்லாத ஓர் இளைஞனுக்கு அம்மா சோறு போட்டாள், உட்காரத் திண்ணை இருந்தது, உதவாக்கரை என்று யாரும் தறியிலோ ஏரிலோ பூட்டவில்லை. இருபத்துநான்குக்கும் இருபத்தாறுக்கும் போகும் வழி அந்த ஐந்து வருட அவகாசத்தின் வழியாகத்தான் போகிறது. ராசிபுரத்தில், ஓமலூரில், பரமத்தியில், விடைக்கு முன்னால் ஐந்து வருடம் வழியிலேயே நிற்க ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ இன்று யார் சோறு போடப் போகிறார்கள்?